ரெபெக்கா வெஸ்ட் எழுதிய 'மிலிட்சா' உண்மையில் யார்?

ஆங்கில எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட்டின் யுகோஸ்லாவியப் பயண நூலில், ஸ்கோப்யே நகரத்தில் மிலிட்சா என்று ஒரு பெண் வருகிறார். அவர் நிஜமான ஆளா, கிரேக்க மொழி அறிஞர் என்கிறார்களே, ஆய்வாளரா மொழிபெயர்ப்பாளரா, கணவர் இறந்ததும் உடன்கட்டை ஏறுவது போல உயிரை விட்டார் என்று படித்தேனே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் மூன்று கேள்விகள். எனக்கு என்னவோ ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. வேறொருவர் புத்தகத்தில் ஒரு பாத்திரமாகவும் ஒரு சாவுச் செய்தியாகவும் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்த இந்தப் பெண், தன் மேசை முன் உட்கார்ந்து என்னதான் செய்துகொண்டிருந்தார்? அதைச் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் லத்தீன் படிக்க ஆரம்பித்து, குருவாகாமல் வெளியே வந்து, இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் ஒப்பிலக்கியம் நடத்தியவன். லத்தீனும் கிரேக்கமும் எனக்குக் கைப்பழக்கம். செர்பிய மொழி அப்படியில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போவேன். அதனால் அவருடைய செர்பிய நடை எத்தனை அழகு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் எந்த மூலங்களைக் கையில் எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதைப் பற்றி தைரியமாகப் பேசுவேன்.

நிஜமான ஆள்தான். பெயர் அனிட்சா சாவிச் ரெபாட்ஸ். லத்தீன் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'அனிகா', 'ரெபாக்' என்று படித்துவிடுகிறார்கள்; இரண்டு பெயரிலும் வரும் c எழுத்துக்குச் செர்பிய மொழியில் 'ட்ஸ்' ஒலி. பிறந்தது நோவி சாத். இன்று செர்பியாவில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. பிறந்த ஆண்டை 1892 என்று பெரும்பாலோரும் 1894 என்று சிலரும் எழுதுகிறார்கள். நான் 1892ஐ எடுத்துக்கொள்கிறேன். அப்பா மிலான் சாவிச் எழுத்தாளர், செர்பியர்களின் பழைய இலக்கிய அமைப்பான மாத்திட்சா ஸ்ர்ப்ஸ்காவின் செயலாளராக இருந்தவர். ஷேக்ஸ்பியரைச் செர்பிய மொழிக்குக் கொண்டுவந்த கவிஞர் லாசா கோஸ்திச் அப்பாவின் நண்பர். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த குழந்தை ஆங்கிலக் கவிஞர் பைரனை மொழிபெயர்த்துப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. பள்ளிச் சிறுமியாக இருக்கும்போதே அதைச் செய்தார்.

அப்புறம் வியன்னா. அங்கே தத்துவப் புலத்தில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1897இல்தான். அனிட்சா போய்ச் சேர்ந்தபோது அந்தக் கதவு திறந்து பதின்மூன்று பதினான்கு வருடம்தான் ஆகியிருந்தது. படித்தது கிரேக்கமும் லத்தீனும். 1914இல் போர் வந்து படிப்பை நிறுத்தியது. பட்டத்தைப் பிற்பாடு பெல்கிரேடில் வாங்கினார். 1921இல் ஹசன் ரெபாட்ஸை மணந்தார். ஹசன் ஹெர்சகோவினாவைச் சேர்ந்த முஸ்லிம், செர்பியப் படையில் தானாக முன்வந்து சேர்ந்து போரிட்டவர். நோவி சாத்தின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இது சாதாரணத் திருமணம் இல்லை. இருவரும் ஸ்கோப்யேயில் குடியேறினார்கள். ஹசன் உத்தியோகத்தில் இருந்தார், அனிட்சா பள்ளியில் பாடம் நடத்தினார். பல்கலைக்கழக வேலை கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான், ஐம்பது வயதைத் தாண்டிய பின். அவருடைய தலைமுறைப் படித்த பெண்களுக்கு இது புதிதல்ல. பெல்கிரேடில் 1922இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணான க்செனியா அதனாசியேவிச்சைப் பல்கலைக்கழகம் உள்ளே எடுத்துக்கொண்டு, 1930களில் வெளியே தள்ளியது.

சரி, மேசைக்கு வருவோம். 1932இல் பெல்கிரேடில் அனிட்சா முனைவர் பட்டத்துக்காக எழுதியதன் தலைப்பு 'பிளேட்டோவுக்கு முந்தைய எரோஸ் சிந்தனை' என்று தமிழில் வரும். எரோஸ் என்ற சொல்லை அப்படியே விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 'காதல்' என்றால் இருவருக்கு நடுவே நிற்கும் உணர்வாகக் குறுகிவிடுகிறது. குறளின் மூன்றாம் பால் காமத்தை எந்தப் பொருளில் சொல்கிறதோ அது ஓரளவு நெருங்கி வரும், ஆனால் இன்றைய பேச்சில் அந்தச் சொல் கெட்டுக் கிடக்கிறது. கிரேக்கர்களுக்கு எரோஸ் மனிதர்கள் பிறப்பதற்கு முன்பே இருந்த ஒன்று. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோத் உலகத் தோற்றத்தைச் சொல்லும்போது முதலில் பிளவு, பிறகு மண், பாதாளம், அடுத்தாற்போல எரோஸ். 'உறுப்புகளைத் தளர்த்துபவன்' என்று அவனுக்கு அடைமொழி. அவனைக் காதலிக்க அப்போது யாரும் இல்லை, அவன் யாரையும் காதலிக்கவும் இல்லை. பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக வேண்டும் என்றால் அவன் முன்பே இருந்தாக வேண்டும், அதற்காகத்தான் வரிசையில் நிற்கிறான்.

எரோஸ் தத்துவம் என்றவுடன் எல்லோரும் பிளேட்டோவின் 'விருந்து' என்ற உரையாடல் நூலைத்தான் எடுப்பார்கள். அழகான உடலிலிருந்து அழகு என்ற கருத்துவரை ஏணி போல ஏறும் பகுதி அதில்தான் இருக்கிறது. அனிட்சா கேட்ட கேள்வி வேறு: அந்த ஏணிக்கு மரம் எங்கிருந்து வந்தது? பிளேட்டோவுக்கு முன்னால் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் துணுக்குகள். சிசிலியின் தத்துவக் கவிஞர் எம்பெதோக்ளெஸ், உலகை நட்பும் பகையும் மாறி மாறி ஆள்வதாகப் பாடியவர். தத்துவஞானி பர்மெனிதெஸின் பாடலில் ஒரு தேவி எல்லாக் கடவுளருக்கும் முன்பாக எரோஸை எண்ணிப் படைக்கிறாள். கவிஞர் சாப்போ எரோஸ் எப்படிப்பட்டது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். ஆங்கிலத்தில் 'கசப்பும் இனிப்பும்' என்று கசப்பை முன்னால் வைத்துப் பழகிவிட்டார்கள்; சாப்போவின் சொல்லில் இனிப்பு முதலில், கசப்பு பின்னால். அனுபவத்திலும் அதுதானே வரிசை.

ஒரு துணுக்கை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையில் வேலை எப்படி நடக்கிறது என்பது அதில் தெரியும். கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ், புராண அரசன் தானௌஸின் மகள்கள் பற்றி எழுதிய நாடகம் தொலைந்துவிட்டது. பல நூற்றாண்டு கழித்து அதெனேயோஸ் என்பவர் விருந்துப் பேச்சாக எழுதிய பெரிய தொகுப்பில் சில வரிகளை எடுத்துக்காட்டியதால் அவை மட்டும் பிழைத்தன. பேசுவது காதல் தெய்வமான அப்ரோதித்தே. தூய வானம் மண்ணைத் துளைக்கத் தவிக்கிறது, மண்ணும் மணம் வேண்டி ஏங்குகிறது, வானிலிருந்து விழும் மழையில் மண் கருவுற்று ஆட்டுக்கு மேய்ச்சலையும் மனிதருக்குத் தானியத்தையும் ஈனுகிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'இதில் எனக்கும் பங்குண்டு' என்று முடிக்கிறாள். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். 'நானே காரணம்' என்று அவள் சொல்லவில்லை. உடன்-காரணம் என்கிறாள். நீதிமன்ற வாசனை அடிக்கும் சொல், ஏறக்குறைய உடந்தை. மழைக்கும் பயிருக்கும் உடந்தையான தெய்வம்! எரோஸை அண்டத்தின் விசையாகப் பார்ப்பதா, உடலின் தவிப்பாகப் பார்ப்பதா என்று நாம் இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் கோடு அந்த வரிகளில் இல்லவே இல்லை. இதுபோன்ற துணுக்குகளை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு நடுவே ஓடும் இழையைக் காட்டுவதுதான் அந்த ஆய்வின் வேலை. மனைவியின் பொழுதுபோக்கு என்று யாராவது நினைத்திருந்தால் இந்த ஒரு துணுக்கோடு ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும்.

மொழிபெயர்ப்பாளரா ஆய்வாளரா என்று கேட்டீர்கள். இரண்டும், ஆனால் இரண்டு தனி வேலைகளாக அவர் செய்யவில்லை என்பதே என் எண்ணம். இது என் வாசிப்பு, ஆவணம் வைத்து நிரூபிக்கக்கூடிய செய்தி அல்ல. அவர் மொழிபெயர்த்தவற்றை ஆய்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும்.

பெரியது ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ். பொருள்களின் இயல்பு பற்றிய அந்த லத்தீன் பாடல் ஆறு புத்தகம், ஏழாயிரத்து நானூறு வரிக்கு அருகில். செர்பிய மொழிபெயர்ப்பு 1951இல் பெல்கிரேடில் வந்தது. நான் முதல் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர முயன்று நானூறு வரியில் மூச்சு வாங்கி நின்றவன், அதனால் இந்த எண்ணிக்கையை மரியாதையோடுதான் எழுதுகிறேன். கடவுளர்கள் உலகத்தில் தலையிடுவதில்லை, எல்லாம் அணுக்களும் வெற்றிடமுமே என்று சொல்ல வந்த கவிஞர், எடுத்த எடுப்பில் ரோமானியர்களின் காதல் தெய்வமான வீனஸை வணங்கித் தொடங்குகிறார். 'ஐனேயாஸ் மக்களின் தாயே, மனிதருக்கும் தேவருக்கும் இன்பமானவளே' என்பது முதல் வரி. அந்த 'இன்பம்' சும்மா வந்த சொல் இல்லை. கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் வாழ்வின் இலக்கு என்று சொன்ன இன்பத்துக்கு லத்தீனில் வழங்கும் கலைச்சொல் அதுதான். வழிபாட்டுப் பாட்டுக்குள் தத்துவச் சொல்லை ஒளித்து வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பவர் 'மகிழ்ச்சி' என்று போட்டால் தத்துவம் போச்சு, 'சுகம்' என்று போட்டால் தெய்வம் போச்சு.

கொஞ்ச வரி தள்ளி, போர்க் கடவுள் மார்ஸ் வீனஸின் மடியில் தலை சாய்த்துக் கிடக்கிறான், அவனிடம் ரோமானியர்களுக்கு அமைதி வாங்கித் தா என்று கவிஞர் அவளைக் கேட்கிறார். வெறும் அலங்காரமாகவும் படிக்கலாம். எம்பெதோக்ளெஸின் நட்பும் பகையும்தான் இங்கே வீனஸும் மார்ஸும் ஆகி வந்திருக்கின்றன என்றும் படிக்கலாம். பல அறிஞர்கள் அப்படிப் படிக்கிறார்கள், அதே முதல் புத்தகத்தில் லுக்ரீஷியஸ் எம்பெதோக்ளெஸைத் தலையில் தூக்கி வைத்துப் புகழவும் செய்கிறார். நான்காம் புத்தகத்துக்குப் போனால் இதே கவிஞர் காதலை நோய் என்று திட்டித் தீர்க்கிறார். இன்பத்தின் ஊற்று நடுவிலிருந்தே ஏதோ ஒரு கசப்பு எழும்புகிறது என்று அங்கே ஒரு வரி வரும். சாப்போவின் சொல் நினைவுக்கு வருகிறதா? எரோஸ் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதிய ஒருவர் இந்தப் பாடலைக் கையில் எடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. புதிய சோஷலிச நாட்டில் பொருள்முதல்வாதக் கவிஞர் ஒருவரைப் பதிப்பிப்பது எளிதாக இருந்திருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்; மார்க்ஸின் முனைவர் ஆய்வே அணுவைப் பேசிய தெமோக்ரிதுஸ், எபிக்யூரஸ் பற்றியதுதான். அது பதிப்பகத்தின் கணக்கு. அவருடைய கணக்கு முதல் வரியிலேயே தெரிகிறது.

ஜெர்மனிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் தாமஸ் மன்னின் வெனிஸ் மரணக் குறுநாவல் ஒன்று. அதில் கடற்கரையில் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தாளன் மனத்துக்குள், பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில் மரநிழலில் பைத்ரோஸ் என்ற இளைஞனுக்கு எரோஸைப் பற்றிச் சொல்லும் சாக்ரடீஸ் வந்து உட்காருகிறார். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று எதிர்த்திசைப் பயணம். மான்டினீக்ரோவின் ஆயரும் ஆட்சியாளருமான நியேகோஷ் 1845இல் வெளியிட்ட 'லூச்சா மிக்ரோகோஸ்மா'வை அனிட்சா செர்பிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார். சிற்றண்டத்தின் ஒளிக்கதிர் என்று பொருள். சிற்றண்டம் என்றால் மனிதன். அசலின் யாப்பு செர்பிய வீரப்பாடல்களின் பத்து அசை வரி, நான்கு அசைக்குப் பின் ஒரு நிறுத்தம், பிறகு ஆறு. ஆறு காண்டம். கவிஞனின் ஆன்மா ஒளியைப் பின்தொடர்ந்து மேலே ஏறி, மறந்துபோன தன் முன்வரலாற்றைப் பார்க்கிறது. சாத்தான் கடவுளை எதிர்த்துக் கிளர்ந்தபோது ஆதாமும் ஒரு தேவதூதனாக அவன் பக்கம் நின்றான், பிறகு மனம் மாறினான், அதனால் நரகத்துக்குப் போகாமல் உடல் என்ற சிறைக்குள் பூமிக்கு அனுப்பப்பட்டான் என்பது கதை. விவிலியத்தில் இப்படி இல்லை. ஓர் ஆர்த்தடாக்ஸ் ஆயர் எழுதியது இது!

இந்தக் கருத்துகள் நியேகோஷுக்கு எங்கிருந்து வந்தன? அனிட்சாவின் வாதம், யூத மறைஞானமான கபாலாவும் பால்கன் பகுதியின் இடைக்கால இருமைவாதிகளான (நன்மை, தீமை என்று இரண்டு சக்திகளை நம்பியவர்கள்) போகோமில்களின் மரபும் இதில் கலந்திருக்கின்றன என்பது. இங்கேதான் நான் கோடு போட விரும்புகிறேன். ஒற்றுமைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, மறுப்பதற்கில்லை. நியேகோஷ் அவற்றை நேராகப் படித்தாரா என்பது வேறு விஷயம். சாத்தானின் கிளர்ச்சியைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் மில்டனை அவர் அறிந்திருந்தார். உடலுக்கு முன்பே ஆன்மா இருந்தது என்ற எண்ணத்தைப் பிளேட்டோவிலிருந்தும் திருச்சபைத் தந்தை ஒரிகெனிடமிருந்தும் எடுத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், போகோமில் பாதி வலுக்குறைவு. கபாலா பாதியை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டின் ஸ்லாவிய ஆய்வுத் தொகுப்பில், அனிட்சாவின் முன்னுரையோடு, 1957இல் அச்சானது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இனி ரெபெக்கா வெஸ்ட். 1930களின் பிற்பகுதியில் யுகோஸ்லாவியாவுக்கு மூன்று முறை போன அவர் அந்தப் பயணங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கமாக 1941இல் வெளியிட்டார். அதில் வரும் மிலிட்சாதான் அனிட்சா, அவர் கணவராக வரும் மெஹ்மெத்தான் ஹசன். பெயர்களை மாற்றியது நண்பர்களைக் காப்பாற்ற. எவ்வளவு நம்பலாம் என்றால், ஆட்களின் இயல்புக்கு நம்பலாம், நீண்ட உரையாடல்களுக்கு வேண்டாம். பக்கக்கணக்கில் ஓடும் பேச்சுகளை யாரும் அப்படியே நினைவில் வைத்திருக்க முடியாது. வெஸ்ட் ஒரு நாவலாசிரியர், அதையும் மறக்கக்கூடாது. அந்த நூலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மிலிட்சா எழுதிய கடிதத்தை வெஸ்ட் பிரெஞ்சு அறிஞர் தெனி சோராவிடம் காட்டுகிறார். இவரைப் போல இருபது பேர் இங்கிருந்து சீனா வரை பரவி இருந்தால் நாகரிகம் அழிந்துவிடாது என்கிறார் சோரா. இது வெறும் முகஸ்துதி என்று நினைத்திருந்தேன், சோரா யார் என்று தேடிப் பார்க்கும்வரை. மில்டனில் கபாலாவின் தடங்கள் இருக்கின்றன என்று வாதிட்டவர் அவர். நியேகோஷில் அனிட்சா தேடியதும் அதேதான். தொலைவிலிருந்து ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரை அடையாளம் கண்டுகொண்ட பாராட்டு அது.

அந்த நூலை வெஸ்ட், இறந்துபோன அல்லது அடிமைப்பட்ட யுகோஸ்லாவிய நண்பர்களுக்குச் சமர்ப்பித்தார். 1941 ஏப்ரல் 6இல் ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடில் குண்டு போட்டு தேசிய நூலகமே எரிந்துபோயிருந்தது. அனிட்சாவும் ஹசனும் பிழைத்தார்கள். போருக்குப் பின் அனிட்சா பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் லத்தீனும் ரோமானிய இலக்கியமும் நடத்தினார், லுக்ரீஷியஸை முடித்தார்.

ஹசன் 1953இல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று அனிட்சா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இவ்வளவும் உறுதி. இதற்கு மேல் எழுதப்படுவதெல்லாம் அடுத்தவர் மனத்துக்குள் எட்டிப் பார்க்கும் முயற்சி. உடன்கட்டை என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அது ஊரும் உறவும் சேர்ந்து ஒரு பெண் மேல் சுமத்திய வழக்கம்; இங்கே அப்படிச் சுமத்த யாரும் இல்லை, எதிர்பார்க்கவும் யாரும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரை இழந்த துக்கம் என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். லுக்ரீஷியஸின் சாவைச் சுற்றியும் இப்படித்தான் கதை கட்டினார்கள். காதல் மருந்து குடித்துப் பித்துப்பிடித்து, இடையிடையே தெளிந்தபோது பாட்டு எழுதி, நாற்பத்து நான்கு வயதில் தன் கையாலேயே இறந்தார் என்று அவருக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்த புனித ஜெரோம் எழுதிவைத்தார். ஆதாரம் கிடையாது, இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இருந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அந்தக் கவிஞரை அறிமுகப்படுத்துபவர்கள் குறைவு. மொழிபெயர்த்தவருக்காவது நாம் அதைச் செய்யாமல் இருக்கலாமே.

எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஆங்கிலம் மட்டும் தெரியும் என்றால், பல்கலைக்கழக நூலகம் எதிலாவது ஹார்வர்ட் ஸ்லாவியத் தொகுப்பின் 1957ஆம் ஆண்டுப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னுரையை முதலில் படிக்காதீர்கள், கவிதையைப் படித்துவிட்டு அதற்குத் திரும்புங்கள். அப்போதுதான் கபாலா வாதத்தோடு நீங்களே சண்டை போட முடியும். செர்பிய மொழி கற்கும் எண்ணம் இருந்தால், 1966இல் தொகுக்கப்பட்ட 'ஹெலன்ஸ்கி விதிட்சி' என்ற கட்டுரை நூல் இருக்கிறது, கிரேக்கக் காட்சிகள் என்று பொருள் சொல்லலாம். 1929இல் வந்த கவிதைத் தொகுப்பும் ஒன்று உண்டு, கடல் மாலைகள் பற்றியது. அதை என்னோடு சேர்ந்து அகராதி வைத்துப் படிக்க ஆள் வேண்டும், விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.